கூரையில் விளையும் மின்சாரத்தைக் கணக்கெடுப்பது எப்படி?

சூடடித்து முடிந்தால் எத்தனை மூடை என்று எண்ணாமல் எவரும் களத்தை விட்டுப் போவதில்லை. பால் கறந்தாலும் போத்தலில் அளந்துதான் கொடுக்கிறோம். ஆனால் கூரையில் சோலர் பனல் பூட்டிய பல வீடுகளில் "இன்று எத்தனை யூனிட்?" என்று கேட்டால், "மாதம் முடியப் பில் வரும், அப்போது தெரியும்" என்ற பதிலே கிடைக்கிறது. பில் வரும்போது குறைந்திருந்தால், ஏன் குறைந்தது என்று கண்டுபிடிக்கக் காலம் கடந்துவிடும். மழையா, தூசியா, பழுதா, கம்பியில் வந்த கோளாறா என்று அந்த ஒரு தாளை வைத்துக்கொண்டு சொல்ல முடியாது.

இந்தக் கணக்கை நாள்தோறும் எடுத்துத்தரும் சிறிய கருவி இன்வேட்டரிலேயே செருகப்பட்டிருக்கிறது. அதனை வீட்டு வலையமைப்புடன் இணைப்பது எவ்வாறு, இணைத்தபின் அது சொல்வதை வாசிப்பது எவ்வாறு என்பதையே இங்கு எழுதுகிறோம். பூட்டிய கம்பனிக்காரர் வந்துதான் செய்யவேண்டும் என்றில்லை. பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் அரை மணி நேர வேலை.

வன்னியில் மின்சாரம் என்பது எமக்கு இலேசாகக் கிடைத்த பொருள் அல்ல. 1990 இல் போர் மீண்டும் தொடங்கிய பின் நெடுங்காலம் இப்பகுதியின் பெரும்பாகம் இருளிலேயே கிடந்தது. டோர்ச் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. ஜாம் போத்தலில் சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டுத் திரியைக் கொளுத்திப் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டோம். 2009 இற்குப் பின்னரே வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கும், அங்கிருந்து சுன்னாகத்துக்கும் உயர் அழுத்த மின்வழி இழுக்கப்பட்டது. 2016 செப்டெம்பரில் அரசு 'சூரிய பல சங்கிராமய' என்ற திட்டத்தைத் தொடக்கியபோது, கூரையில் மின்சாரம் செய்து விற்கலாம் என்ற கதை எமது ஊர்களுக்கும் வந்தது. அதற்கு முதலில் எமது என்று சொல்ல ஒரு கூரை வேண்டும் என்பது வேறு கதை. உறவினர் வளவிலும் தற்காலிகக் கொட்டிலிலும் இருப்பவர்களுக்கு ஒற்றைப் பனலும் ஒரு பற்றரியுமே வாய்த்திருக்கும். அவர்களுக்கும் பயன்படும் செய்திகளைக் கீழே சேர்த்திருக்கிறோம்.

வாய்க்கால் போல ஒரு வலை

இன்வேட்டர் என்பது பனலிலிருந்து வரும் நேர்மின்சாரத்தை வீட்டுக்கும் மின்கம்பிக்கும் ஏற்ற மாறுமின்சாரமாக்கும் பெட்டி. அதன் அடியில் விரல் நீளத்தில் ஒரு குச்சி செருகப்பட்டிருக்கும். டொங்கிள் என்பார்கள். இன்வேட்டர் ஒவ்வொரு நேரமும் எவ்வளவு மின்சாரம் செய்கிறது, கம்பியில் எத்தனை வோல்ட் இருக்கிறது, ஏதாவது கோளாறு உண்டா என்பவற்றைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை எடுத்து வைஃபை மூலம் அனுப்புவதே இதன் வேலை.

அது அனுப்புவது வீட்டிலுள்ள ரவுட்டருக்கு. ரவுட்டரைக் குளத்துத் துருசு என்று நினைத்துக்கொள்ளுங்கள். துருசுக்கு அப்பால் குளம், அது இணையம். துருசுக்கு இப்பால் எமது வயல்களுக்குப் பாயும் சிறு வாய்க்கால்கள். அதுவே வீட்டு வலையமைப்பு. கைத்தொலைபேசி, பிள்ளையின் கணினி, இன்வேட்டரின் குச்சி ஆகிய எல்லாம் இந்த வாய்க்கால்களில் உள்ள மடைகள். ரவுட்டர் ஒவ்வொன்றுக்கும் 192.168.1.20 என்பது போன்ற ஓர் இலக்கத்தைக் கொடுக்கும். அந்த இலக்கம் வீட்டுக்குள் மட்டுமே செல்லும்.

இதிலிருந்து ஒரு முக்கிய செய்தி விளங்கும். துருசு பூட்டியிருந்தாலும் வாய்க்காலில் உள்ள தண்ணீர் மடைக்கு மடை ஓடலாம். அதுபோல டேற்றா முடிந்து இணையம் நின்றாலும், ரவுட்டருக்கு மின்சாரம் இருக்கும்வரை வீட்டு வலையமைப்பு வேலை செய்யும். இன்னொன்றும் உண்டு. இணையம் நின்றால் பனல் வேலை செய்யாது என்று சிலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. கணக்கு வருவதுதான் தடைப்படும், விளைச்சல் தடைப்படாது.

இணைக்கும் வேலை

முதலில் குச்சியில் ஒட்டியுள்ள தாளைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். அதில் தொடர் இலக்கமும், பெரும்பாலும் அதன் சொந்த வைஃபையின் பெயரும் கடவுச்சொல்லும் இருக்கும். வெயிலில் அந்தத் தாள் இரண்டு வருடத்தில் வெளிறிப்போகும். பிறகு தேட இயலாது.

அடுத்து ரவுட்டரைப் பாருங்கள். இப்போதைய ரவுட்டர்கள் 2.4, 5 என்று இரண்டு அலைவரிசைகளில் வைஃபை தருகின்றன. இன்வேட்டர்க் குச்சிகளில் அநேகமானவை 2.4 கிகாஹேர்ட்ஸ் மட்டுமே கேட்கும். இரண்டும் ஒரே பெயரில் இருந்தால் குச்சி குழம்பலாம். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குச் சென்று இரண்டுக்கும் வெவ்வேறு பெயர் கொடுத்துவிடுவது நல்லது. அப்பக்கத்தின் இலக்கம் ரவுட்டரின் அடியில் அச்சிடப்பட்டிருக்கும், 192.168.1.1 அல்லது 192.168.8.1 என்பன வழக்கமாகக் காணப்படுபவை. வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் மட்டும் வையுங்கள். இடைவெளியோ விசித்திரக் குறிகளோ இருந்தால் சில குச்சிகள் ஏற்பதில்லை.

இப்போது கைத்தொலைபேசியில் டேற்றாவை நிறுத்துங்கள். இதைச் செய்யாமல் விடுவதால்தான் பலர் பாதியில் கைவிடுகிறார்கள். குச்சியின் வைஃபையில் இணையம் இல்லை என்று கண்டவுடன் தொலைபேசி தானாகவே டேற்றாவுக்குத் தாவிவிடும், பக்கம் திறக்காது. டேற்றாவை நிறுத்தியபின் வைஃபைப் பட்டியலில் குச்சியின் பெயரைத் தெரிவுசெய்து இணையுங்கள். பின்பு இணைய உலாவியில் குச்சியின் இலக்கத்தை அடியுங்கள். சொலர்மான் வகைக் குச்சிகளில் அது 10.10.100.254. வேறு வகைகளுக்குக் கைநூலில் இருக்கும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். தொழிற்சாலையில் வைத்தது 'அட்மின்', 'அட்மின்' என்றே அநேகமாக இருக்கும். உள்ளே சென்றதும் அருகிலுள்ள வைஃபைகளின் பட்டியல் வரும். உங்கள் வீட்டினுடையதைத் தெரிந்து, கடவுச்சொல்லைக் கொடுத்து, சேமித்துவிடுங்கள். குச்சி தானாக நின்று மீண்டும் இயங்கும். சில கம்பனிகள் இவ்வளவையும் தமது செயலி மூலமே செய்விக்கும். அடியில் நடப்பது இதேதான்.

இதைப் பகலில் செய்யுங்கள். பற்றரி இல்லாத இன்வேட்டர் இரவில் உறங்கிவிடும். குச்சியும் கூட உறங்கும். செய்யும்போது இன்வேட்டரின் மற்றைய வயர்களைத் தொடவேண்டாம். பனலிலிருந்து இறங்கும் வயரில் பல நூறு வோல்ட் நேர்மின்சாரம் இருக்கும். மெயின் சுவிட்சை நிறுத்தினாலும் வெயில் இருக்கும்வரை அது சாகாது.

இணைந்தபின் ரவுட்டரின் பக்கத்தில் இணைந்துள்ள கருவிகளின் பட்டியலைப் பார்த்தால் புதிதாக ஒன்று நிற்கும். அதன் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ரவுட்டரை நிறுத்தி ஏற்றும்போது இலக்கம் மாறக்கூடும் என்பதால், அந்தக் கருவிக்கு அந்த இலக்கத்தையே நிரந்தரமாக ஒதுக்கும் வசதி இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். பல குச்சிகளில் இந்த இலக்கத்தை உலாவியில் அடித்தால் இன்று செய்த யூனிட், இப்போது செய்யும் வாட் ஆகியன ஒரு சிறு பக்கத்தில் தெரியும். இணையம் தேவையில்லை, ரீலோட்டும் தேவையில்லை. எல்லாக் குச்சிகளும் இதற்கு இடம் தருவதில்லை. புதிய சில வகைகள் கம்பனியின் கணினிக்கு மட்டுமே பேசுகின்றன. வாங்கும் முன் "இணையம் இல்லாமல் வீட்டிலிருந்தே வாசிக்கலாமா?" என்று கேளுங்கள். ஆர்வமுள்ள இளைஞர்கள் 'ராஸ்பெரி பை' என்ற கையடக்கக் கணினியில் 'ஹோம் அசிஸ்டன்ட்' என்ற இலவச மென்பொருளை ஏற்றி, பல வருடக் கணக்கை வீட்டிலேயே சேர்த்துவைக்கலாம்.

எண்கள் சொல்லும் கதை

இணைப்பதில் பெரிய வித்தை இல்லை. வாசிப்பதிலேதான் பணம் இருக்கிறது.

எமது நாட்டில் 1 கிலோவாட் பனல் மாதம் ஒன்றுக்கு ஏறத்தாழ 110 தொடக்கம் 130 யூனிட் தரும். 5 கிலோவாட் அமைப்பென்றால் 550 தொடக்கம் 650. இது வருடச் சராசரி. கார்த்திகை, மார்கழியில் மாரி மழை பிடித்தால் இதைவிடக் கீழே இறங்கும். அதற்காகக் கம்பனிக்காரரைக் கூப்பிட்டுக் கூலி கொடுக்கவேண்டாம். பங்குனி, சித்திரையில் ஏறவேண்டும். ஏறாவிட்டால் யோசியுங்கள். சோளகக் காற்று வீசும் மாதங்களில் வயல் தூசி படிந்து மெல்ல மெல்லக் குறையும். காலையில், பனல் சூடேறுமுன், துணியால் கழுவிவிட்டு மறுநாள் கணக்கைப் பாருங்கள். உயர்ந்தால் தூசிதான் காரணம். எமது கிணறுகள் பலவற்றில் கல்லுத்தண்ணீர் என்பதால் காயவிடாமல் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கேத்தலில் படிவதுபோல வெள்ளை படியும். மழைத்தண்ணீர் சேர்த்து வைத்திருந்தால் அதைவிட நல்லது இல்லை.

குறிப்பிட்ட மணிக்கு நாள்தோறும் ஒரு பள்ளம் விழுந்தால் அது நிழல். வளர்ந்த முருங்கையோ, அயல் வளவுத் தென்னையோ என்று அந்த மணிக்கு முற்றத்தில் நின்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

எல்லாவற்றிலும் அதிகம் பேசவேண்டியது நண்பகல் வெட்டு. கணக்குப் படம் காலையில் அழகாக ஏறி, பதினொரு மணியளவில் திடீரென நிலத்துக்கு விழுந்து, மீண்டும் ஏறி, மீண்டும் விழுந்து, இரண்டு மணிக்குப் பின் சீராக இறங்கும். வானத்தில் முகிலே இருக்காது. பனல் பழுது என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் பழுது எமது கூரையில் இல்லை.

மின்கம்பியின் அழுத்தம் 230 வோல்ட். விதிக்கப்பட்ட எல்லைக்குள் அது சற்றுக் கூடலாம், சற்றுக் குறையலாம். எமது மின்சாரம் கம்பிக்குள் போகவேண்டுமானால் இன்வேட்டர் கம்பியைவிடச் சற்று உயர்ந்த அழுத்தத்தில் தள்ளவேண்டும். கடைசி வயலிலிருந்து வாய்க்காலுக்குத் தண்ணீரைத் திருப்பி ஏற்றுவது போன்றது இது. வாய்க்கால் நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருந்தால் மட்டம் எங்கள் பக்கத்தில் உயரும். ட்ரான்ஸ்போமரிலிருந்து வெகுதூரத்தில், கம்பியின் கடைசியில் இருக்கும் குடியேற்ற வீடுகளில் இதுதான் நடக்கிறது. நண்பகலில் அதே கம்பியில் நாலைந்து கூரைகள் ஒன்றாகத் தள்ளும், வீடுகளில் ஆட்களோ தோட்டத்தில், எடுப்பார் இல்லை. வோல்ட் உயர, இன்வேட்டர் தன்னைப் பாதுகாத்து நின்றுவிடும். சில நிமிடங்களில் திரும்ப வரும், திரும்ப நிற்கும்.

இதன் நட்டத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். 5 கிலோவாட் அமைப்பு நல்ல வெயில் நாளில் 20 யூனிட்டுக்கு மேல் தரும். அதில் ஏறக்குறைய பாதி நண்பகலைச் சுற்றிய மூன்று மணித்தியாலத்தில் விளைவது. 2016 திட்டத்தில் யூனிட்டுக்கு முதல் 7 வருடம் 22 ரூபா, அடுத்த 13 வருடம் 15 ரூபா 50 சதம் என்று ஒப்பந்தம் செய்தவர்கள் உண்டு. பின்னைய வருடங்களில் விலை பலமுறை மாறியது, உங்கள் விலை உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கும். 22 ரூபா என்றே வைத்து, நாளுக்கு 8 யூனிட் போனால் 176 ரூபா; மாதம் 5,280. வங்கிக் கடனில் பனல் போட்ட குடும்பத்துக்குத் தவணையில் ஒரு பங்கு அது. கடன் வட்டியோ வெட்டு விழுந்த நேரத்தைக் கழிப்பதில்லை.

கண்காணிப்புப் பக்கத்தில் கம்பியின் வோல்ட் மணிக்கு மணி பதிவாகியிருக்கும். 'மின்னழுத்தம் அதிகம்' என்ற எச்சரிக்கையும் நேரத்தோடு இருக்கும். பத்து நாட் பதிவைப் படமெடுத்து, அச்சடித்து, மின்கணக்கு இலக்கத்தோடு உங்கள் பகுதி மின்சார அலுவலகத்தில் எழுத்தில் கொடுங்கள். பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். "எங்கள் சோலர் சரியில்லை" என்று வாயால் சொன்னால் கம்பனியிடம் போகச் சொல்வார்கள். "11.20 இற்கு 256 வோல்ட்" என்று தாளில் இருந்தால் அது கம்பியின் விடயம் என்று அவர்களுக்கே விளங்கும். ட்ரான்ஸ்போமரின் படியை மாற்றுவதோ கம்பியைத் தடிப்பாக்குவதோ அவர்கள் செய்யும் வேலை. இன்வேட்டரின் எல்லையை உயர்த்தித் தருகிறேன் என்று எவராவது வந்தால் இணங்கவேண்டாம். அந்த வோல்ட் உங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்கும் அயலவர் மோட்டருக்கும் போகும். அதுவரை நாமாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கிணற்று மோட்டரையும் அரைக்கும் இயந்திரத்தையும் நண்பகலில் ஓடவிடுங்கள். எமது மின்சாரத்தை நாமே எடுத்தால் வோல்ட் சற்று இறங்கும்.

பூச்சியம் விழுந்த எல்லா நாளும் இந்த வகையல்ல. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி ஞாயிறு முற்பகல், பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததைத் தொடர்ந்து நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. அன்று கூரைச் சோலரும் நின்றது. கம்பியில் மின்சாரம் இல்லாதபோது சாதாரண இன்வேட்டர் நிற்கவே வேண்டும். இல்லாவிட்டால் கம்பியில் ஏறித் திருத்துபவரின் உயிர் போகும். அதே வருடம் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், ஏப்ரல் 13 தொடக்கம் 21 வரை, தேவை குறைவு என்பதால் பகலில் பிற்பகல் 3 மணிவரை கூரைச் சோலர்களை நிறுத்திவைக்குமாறு இலங்கை மின்சார சபை கேட்டுக்கொண்டது. இப்படியான நாட்களை ஒரு கொப்பியில் குறித்துவைத்தால் வருட முடிவில் கணக்கு ஒப்புநோக்க இலகு.

வேறு யார் பார்க்கிறார்கள்?

குச்சி வீட்டுக்குள் மட்டும் பேசுவதில்லை. துருசைத் தாண்டி, வெளிநாட்டிலுள்ள கம்பனியின் கணினிக்கும் கணக்கு அனுப்புகிறது. அங்கிருந்து இன்வேட்டருக்குக் கட்டளையும் வரலாம். 2024 ஆகஸ்டில் பிட்டிஃபெண்டர் என்ற ருமேனிய நிறுவனம், சொலர்மான், டெயே ஆகியவற்றின் கண்காணிப்பு முறைகளில் அந்நியர் நுழையக்கூடிய ஓட்டைகளைக் கண்டறிந்து வெளியிட்டது, அவை திருத்தப்பட்டன. அதே வருடம் நவம்பரில் அமெரிக்காவில் சில வீடுகளின் இன்வேட்டர்கள் விற்பனை உரிமைத் தகராறு ஒன்றினால் தொலைவிலிருந்தே முடக்கப்பட்டன. பயந்து குச்சியைப் பிடுங்கவேண்டியதில்லை. தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். குச்சியின் சொந்த வைஃபைக்கும் ஒரு கடவுச்சொல் வையுங்கள். வீதியில் நிற்பவர் யாரும் இணையக்கூடாது. வெளியிலிருந்து நேரே இன்வேட்டரைப் பார்க்க ரவுட்டரில் வழி திறந்துவிடச் சொன்னால் திறக்கவேண்டாம்.

இதைவிட அண்மையான தொல்லை கணக்கின் உரிமை. பூட்டியவர் தனது மின்னஞ்சலில் கணக்கைத் திறந்து, வீட்டுக்காரருக்குப் பார்க்க மட்டும் அனுமதி கொடுத்திருப்பார். அவர் தொழிலை விட்டுப் போனால் கணக்கும் போய்விடும். வெளிநாட்டிலுள்ள மகனின் மின்னஞ்சலில் இருந்தாலும் இதே சிக்கல் வரலாம். கடைசித் தவணை கொடுக்கும் முன் உரிமையாளர் கணக்கை வீட்டிலுள்ள ஒருவரின் பெயருக்கு மாற்றித் தரக் கேளுங்கள்.

ரவுட்டரும் கம்பியும் இல்லாதவர்க்கு

ரவுட்டர் வாங்க வசதியில்லையெனில் ஒரு கைத்தொலைபேசியின் ஹொட்ஸ்பொட்டை மாலையில் சிறிது நேரம் திறந்துவிடலாம். சில குச்சிகள் சேர்த்துவைத்த கணக்கை அப்போது அனுப்பும். அதுவும் வேண்டாமெனில், இன்வேட்டரின் சிறு திரையில் அன்றைய யூனிட் தெரியும். மாலை ஐந்தரைக்குப் பிள்ளை பார்த்துக் கொப்பியில் எழுதினால் போதும். இதை நாம் குறைவாக மதிக்கவில்லை.

மின்கம்பி வராத இடத்தில் ஒற்றைப் பனலும் 12 வோல்ட் ஈயப் பற்றரியும் வைத்திருப்போர் விலைகுறைந்த வோல்ட்மானி ஒன்றை வாங்கிப் பற்றரியோடு வைத்துக்கொள்ளுங்கள். விளக்குகளை அணைத்துச் சிறிது நேரம் ஓய்வில் விட்டுப் பார்க்கும்போது 12.7 என்றால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி. அதற்குக் கீழே அடிக்கடி இறக்கினால் பற்றரியின் ஆயுள் விரைவாகக் குறையும்.

கிணற்றடியில் சோலர் மோட்டர் பூட்டியவர்களுக்குத் தூரமே தடை. தகரமும் மண்சுவரும் வைஃபையை விழுங்கும். வலையமைப்பு வயர் 100 மீற்றர் வரை தாங்கும். அதற்கு மேல் என்றால் ஆர்எஸ் 485 என்ற இருவயர் முறை ஒரு கிலோமீற்றருக்கும் செல்லும். ஆனால் வளவுக்குக் குறுக்கே நீண்ட வயர் இழுத்தால் ஐப்பசி இடியை வீட்டுக்குள் அழைப்பதாகும். மின்னல் காப்பு இல்லாமல் இழுக்கவேண்டாம். இடி முழங்கத் தொடங்கும் முன்பே ரவுட்டரின் பிளக்கையும் அந்த வயரையும் கழற்றிவிடுங்கள்; மூன்று மணித்தியாலக் கணக்குப் போனால் போகட்டும்.

காணி விடுபட்டுச் சொந்த வளவுக்குத் திரும்பும்போது பனலோடு குச்சியும் கூட வரும். பழைய வீட்டின் வைஃபை பெயரை அது மறக்காமல் வைத்திருக்கும். அதன் சிறு பொத்தானைச் சில வினாடிகள் அழுத்திப் பிடித்தால் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும். பின் மேலே சொன்னபடி புதிதாக இணைக்கலாம். பழைய கணக்கை அழிக்கவேண்டாம். மின்கம்பிக்கு விற்கும் அமைப்பானால், கழற்றுமுன் மின்சார அலுவலகத்துக்கு அறிவித்து, ஒப்பந்தம் புதிய முகவரிக்கு மாறுமா, பழைய விலை தொடருமா என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.